பாய் இழைக்கும் கைகளுக்கு நாட்கூலி என்ன?

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் வியாழக்கிழமை பின்னேரம், கற்பிட்டிக் குடாநாட்டில் நாம் அடிக்கடி போய்வரும் குடியிருப்பொன்றின் ஒழுங்கை முனையில் சிறிய லொறி ஒன்று வந்து நிற்கும். ஹோர்ன் சத்தம் கேட்டதும் பெண்கள் சுருட்டிய பாய்களையும் அடுக்கிய பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். வியாபாரி பாயை விரித்து, விளிம்பைத் தடவிப் பார்த்து, ஒரு விலை சொல்வார். பேச்சு நீளாது. ஐந்து நிமிடத்தில் காசு கைமாறிவிடும். லொறி அடுத்த ஒழுங்கைக்குப் போய்விடும்.

அப்படிப் பாயைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய மூத்தம்மா ஒருவரிடம், இதை இழைக்க எத்தனை நாள் சென்றது என்று ஒரு முறை கேட்டோம். அவர் சிரித்தார்.

“அதுக்கெல்லாம் யாரு ஃபாதர் கணக்குப் பாத்தது? சும்மா இருக்கிற நேரத்துல இழைக்கிறதுதானே.”

அவர் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுந்து, வீட்டு வேலை முடித்து, மகளின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, சீசன் நாட்களில் வெங்காயத் தோட்டத்துக்கும் போய் வருபவர். அவருக்குச் சும்மா இருக்கிற நேரம் எங்கே இருக்கிறது என்று எமக்கு விளங்கவில்லை. ஆகவே அந்தச் “சும்மா” நேரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கத் தீர்மானித்தோம். நான்கு பெண்கள் உடன்பட்டார்கள். ஆளுக்கொரு கொப்பி வாங்கிக் கொடுத்தோம். எழுதத் தெரியாதவருக்குப் பேத்தி எழுதினாள். அந்தக் கொப்பிகளில் கண்டதையும், அதற்கு முன்னும் பின்னும் நாம் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறோம்.

கையில் வந்த தொழில்

இதை வாசிப்பவர்களில் பலருக்கு 1990 ஒக்டோபரை நாம் விளக்க வேண்டியதில்லை. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம் மக்களைத் தமிழீழ விடுதலைப் புலிகள் சில நாட்களுக்குள், சில இடங்களில் சில மணித்தியாலங்களுக்குள், வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கே. மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் ஏற்றப்பட்டுக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். கையில் சில நூறு ரூபாவும் உடுத்த துணியும்தான். அதே தமிழைப் பேசும் அயலவர்களான நாம் அன்று வாய்திறந்தது போதாது என்பதையும் இவ்விடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

வந்தவர்களில் கடலோடிகளும் கடைக்காரரும் இருந்தனர். ஆனால் முசலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குளத்து நீரில் நெல் விதைத்தவர்கள், மாடு வைத்திருந்தவர்கள். வயலையும் மாட்டையும் வள்ளத்தில் ஏற்ற முடியாது. கற்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரதேசங்களில் கிடுகுக் கொட்டில்களாக முகாம்கள் எழுந்தன. விதைத்து அறுத்தவர்கள் பிறரது வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். ஆட்கள் கூடியதால் கூலி குறைந்தது. அதனால் ஏற்கெனவே கூலிக்குப் போய்க்கொண்டிருந்த இவ்வூர் ஏழைகளுக்கும் மனக்கசப்பு உண்டாயிற்று. கொஞ்சம் இடம் கொடுத்து, கிணற்றில் தண்ணீர் அள்ளவிட்டு, பள்ளிவாசலில் சோறு சமைத்துப் போட்டவர்களும் இதே ஊரார்தாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதியான உலர் உணவு நிவாரணம் என்று வகுக்கப்பட்டது. விலைவாசி ஏறியும் அந்தத் தொகை ஆண்டுக்கணக்காக அப்படியே நின்றது. இந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெண்கள். தோட்ட வேலை இல்லாத மாதங்களில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே தொழில், வரும்போது யாராலும் பறிக்க முடியாமல் கையிலேயே வந்த தொழில், ஓலை.

விற்பதற்கென்று செய்யப்படாதவை

கைப்பணி என்று இன்று நாம் பெயர் சூட்டிக் கண்காட்சி வைக்கும் பொருட்களில் பெரும்பாலானவை அன்று விற்பதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. நெல் புடைக்கச் சுளகு. அரிசி போட்டு வைக்க மூடுபெட்டி. மண்ணும் எருவும் சுமக்கக் கடகம். மாவு அவிக்க நீற்றுப்பெட்டி, மீன் வாங்கப் பறி, படுக்கப் பாய், திருமணத்துக்கு நிறப்பாய். வயலும் வளவும் கடலும் இருந்த வீட்டுக்கு இவையெல்லாம் கருவிகள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு ஒரு பாய் கொண்டுபோவார்கள். அயல்வீட்டுக்குப் பெட்டி ஒன்று இழைத்துக் கொடுத்தால் திரும்பி வரும்போது அதில் ஒரு கொத்து அரிசி இருக்கும். விலை என்ற பேச்சே எழவில்லை.

வயல் போனதும் சுளகுக்கு வேலை இல்லாமற் போயிற்று. நிவாரண அரிசியில் கல் பொறுக்க ஒரு தட்டுப் போதும். வீட்டுக் கருவியாக இருந்தது ஒரே இரவில் விற்பனைப் பொருளாகிவிட்டது, ஆனால் விலை சொல்லத் தெரியவில்லை. “சும்மா இருக்கிற நேரத்துல இழைக்கிறது” என்ற சொல் அந்தப் பழைய வீட்டிலிருந்து வந்தது. அங்கே அது உண்மையாகவும் இருந்தது. இங்கே அந்தச் சொல்லை வியாபாரி தமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார். நாமுந்தான்.

இன்னொரு மாற்றம் இதைவிடக் கடுமையானது. மன்னார்த் தீவில் பனை நிறைய. தன் வளவிலோ மச்சான் வளவிலோ குருத்து வெட்டிக்கொள்ளலாம். “ஓலைய நாங்க காசு குடுத்து வாங்கினது இங்க வந்துதான் ஃபாதர்” என்று ஒரு ராத்தா சொன்னார். புத்தளம் தென்னை நாடு. பனை இல்லாமலில்லை, ஆனால் ஒவ்வொரு பனைக்கும் ஓர் உரித்தாளர் உண்டு. தென்னோலை இன்னும் கண்டிப்பான சொத்து. கீழே விழுந்த ஓலைக்கும் தோட்டக்காரனின் கணக்கு இருக்கும்.

ஆகவே முதலில் கைகொடுத்தது பாயல்ல, கிடுகு. விழுந்த தென்னோலையைச் சில நாட்கள் தண்ணீரில் ஊறப்போட்டு, நடு ஈர்க்கோடு இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியையும் பின்னுவார்கள். பழகிய கை ஒரு கிடுகைச் சில நிமிடத்தில் முடித்துவிடும். முகாமே கிடுகாலானது, கூரையும் சுவரும் வேலியும் ஒன்றிரண்டு மழைக்குப் பின் மாற்ற வேண்டியவை. ஆக, அகதிகளின் கொட்டிலே அகதிப் பெண்களின் சந்தையாக இருந்தது. உலக வங்கியின் உதவியோடு 2007இல் தொடங்கிய வீடமைப்புத் திட்டத்தாலும் பிற உதவிகளாலும் கல்வீடுகள் எழுந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். மகிழ வேண்டிய விடயந்தான். ஆனால் ஓட்டுக் கூரைக்குக் கிடுகு வேண்டாம். அந்த ஆண்டுகளில் கிடுகு பின்னி உலை வைத்த விதவைகள் சிலர் என்ன செய்தார்கள் என்று எந்தத் திட்ட அறிக்கையும் கேட்கவில்லை. எமது அறிக்கையும் உட்பட.

ஒரு பாயின் கணக்கு

இனிக் கொப்பிக்கு வருவோம்.

பாய்க்கு வேண்டியது விரியாத குருத்தோலை. யாழ்ப்பாணத்தார் சார்வோலை என்பார்கள். வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் பல நாள் உலர்த்த வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று தரம் புரட்ட வேண்டும். மழைத்துளி பட்டால் கறுப்புப் புள்ளி விழும்; பாய் விலை இறங்கும். உலர்ந்த ஓலையை இரவில் பனியில் விட்டால்தான் மெதுமை வரும். பிறகு ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழிக்க வேண்டும். அகலம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குப் பாய் நேர்த்தி, அவ்வளவுக்கு நாளும் கூடும். நிறப்பாய் என்றால் ஒரு பகுதி ஓலையைச் சாயத்தூள் கரைத்த கொதிநீரில் அவித்து, நிழலில் காயவிட வேண்டும்.

இழைப்பது எந்த நேரத்திலும் முடியாது. உச்சி வெயிலில் ஓலை முறியும். கற்பிட்டியில் சோளகக் காற்று உரத்து வீசும் மாதங்களில் காலை ஒன்பது மணிக்கே ஓலை முறுகிவிடும். ஆகவே விடியற்காலையும் இரவுமே இழைக்கும் நேரம். வீட்டு ஆண்கள் பார்க்கும் நேரமல்ல அது. பெண் பாய் இழைப்பதை அவர்கள் காணாததற்கும், அதை வேலையாக எண்ணாததற்கும் இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறோம்.

நான்கு கொப்பிகளையும் கூட்டி, இருவர் படுக்கக்கூடிய சாதாரண நிறப்பாய் ஒன்றுக்கு எடுத்த நேரத்தைப் பார்த்தோம். ஓலை உலர்த்திப் புரட்டிய நேரத்தைப் பெண்கள் எழுதவே இல்லை. “அது வேலையா?” என்றார்கள். விட்டுவிட்டோம். ஈர்க்கு நீக்கிக் கிழிக்க 3 மணித்தியாலம். சாயம் போட 2. இழைக்க 14. விளிம்பு மடித்து முடிக்க 2. ஆக 21 மணித்தியாலம். தோட்டத்தில் ஒரு நாளைக்கு 7 மணித்தியாலம் வேலை என்று கொண்டால் இது முழுதாக மூன்று நாள்.

வியாபாரி அந்தப் பாய்க்குக் கொடுத்தது வெங்காயத் தோட்டத்தின் ஒரு நாட் கூலிக்குச் சற்றே கூடிய தொகை. அதிலே ஓலைக்கும் சாயத்துக்கும் விறகுக்கும் போனதைக் கழித்தால் ஒரு நாட் கூலியும் மிஞ்சவில்லை. மூன்று நாள் உழைப்புக்கு ஒரு நாளைக்குக் குறைந்த சம்பளம்.

இந்தக் கணக்கை வாசித்துச் சொன்னபோது அந்தத் திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், “அப்ப இழைக்கிறத நிப்பாட்டவா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. உடனே பதில் சொல்ல எம்மால் முடியவில்லை.

பூச்சாடிகளின் கதை

வியாபாரியைத் திட்டுவது எம்மைப் போன்றவர்களுக்கு இலகு. ஆனால் வாரம் தவறாமல் வீட்டு வாசலுக்கு வருபவர் அவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிலும் முற்பணம் கொடுப்பவர் அவர். பாய் கொஞ்சம் கோணலென்றாலும் எடுத்துக்கொள்வார். நாம் இவற்றில் எதைச் செய்தோம்?

சில ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு நிதியுதவியில் நாமும் ஒரு கைப்பணிப் பயிற்சி நடத்தினோம். மூன்று மாதம். வெளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். நாட்படி உண்டு, பகல் உணவு உண்டு. கற்பித்தது பூச்சாடி, சுவர் அலங்காரம், அகன்ற தொப்பி. முடிவில் கண்காட்சி, ரிப்பன் வெட்டு, சான்றிதழ். வந்த விருந்தினர் அனுதாபத்தில் ஆளுக்கொன்று வாங்கிப் போனார்கள். மறுமுறை வாங்க ஒருவரும் வரவில்லை. நாட்படி நின்றதும் வகுப்பும் நின்றது. இரண்டு பெட்டி நிறையப் பூச்சாடிகள் எமது களஞ்சிய அறையில் பூச்சி அரித்துக் கிடந்தன. அவற்றை எரிக்கும்படி சொன்னவரும் நாமே.

அந்தப் பயிற்சிக்கு வந்த பெண்களில் எவருக்கும் ஓலை இழைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது மூன்று: ஓலை ஒழுங்காகக் கிடைக்க ஒரு வழி, எந்தப் பொருளை யார் இந்தப் பக்கத்தில் உண்மையில் வாங்குவார்கள் என்ற விபரம், லொறி வராத வாரத்தைத் தாங்கக் கொஞ்சம் கைமுதல். இவற்றில் ஒன்றைக்கூட நாம் கேட்டறியவில்லை. ஆசிரியைக்கு வாகனம் ஒழுங்கு செய்வதில் மும்முரமாக இருந்தோம்.

கடன் விடயத்திலும் இதே தவறு நடக்கிறது. நுண்கடன் கொடுப்போர் பாய்த் தொழிலுக்கென்று கடன் கொடுத்து, வாராவாரம் தவணை கேட்கிறார்கள். ஓலை வாங்கி, உலர்த்தி, இழைத்து, விற்றுக் காசு வர ஒரு மாதம் செல்லும். முதல் தவணை அடுத்த திங்கட்கிழமையே. ஆகவே முதல் தவணை அந்தக் கடன் காசிலிருந்தே போகும், மூன்றாவது தவணைக்கு இன்னொரு கடன். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் பெற்ற நுண்கடன்களில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. வாரத் தவணைக் கடனை ஓலைத் தொழிலுக்கு வாங்காதீர்கள் என்று இந்தப் பக்கத்தின் வழியாகவும் சொல்லி வைக்கிறோம்.

பெண்கள் தாமே செய்துகொண்டது

கொப்பிக் கணக்குக்குப் பிறகு அந்த நால்வரும் இன்னும் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு கூடினார்கள். பதினொரு பேரில் இருவர் இக்கரையின் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பெண்கள். எமது பங்கு வாங்கு போட்டுக் கொடுத்ததும் தேநீருக்குச் சீனி வாங்கியதும்தான்.

முதலில் ஓலை. ஒவ்வொருவரும் தனித்தனியே பத்துக் குருத்துக்கு விலைபேசினால் பனைக்காரர் சொன்னதே விலை. பதினொரு பேரும் சேர்ந்து ஒரு வளவின் பனைகளை ஆண்டுக் குத்தகையாகக் கேட்டார்கள். உரித்தாளர் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரே மரத்தில் அடுத்தடுத்துக் குருத்து வெட்டக் கூடாது. அவர் சொன்னது சரியே. பனை ஏறத்தாழ மாதத்துக்கு ஓர் ஓலைதான் விடும். வருகிற குருத்தையெல்லாம் வெட்டினால் மரம் நொந்துவிடும். எந்த மரத்தில் எப்போது வெட்டியது என்று மரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு வைக்கிறார்கள். போதாததற்கு மன்னாருக்குத் திரும்பிப் போன உறவினர்கள் பஸ்ஸில் ஓலைக்கட்டுகள் கொண்டுவருகிறார்கள்.

அடுத்தது பொருள். யார் வாங்குவார்கள் என்று பெண்களே யோசித்தபோது வந்த பட்டியல் எமது ஆசிரியையின் பட்டியலைப் போல் இருக்கவில்லை. இடியப்பத் தட்டு, நீற்றுப்பெட்டி, சுளகு. இவை புத்தளம் சந்தையில் எந்தச் சாதி சமயத்தாரும் வாங்குபவை. கரையோர வாடிகளில் கருவாடு உலர்த்த விரிப்பு வேண்டும், மணலில் போட்டு உலர்த்திய கருவாட்டுக்கு விலை குறைவு. அதற்கு நேர்த்தியான நிறப்பாய் தேவையில்லை, அகன்ற ஓலையில் விரைவாக இழைத்த முரட்டுப் பாய் போதும். கணக்குப் பார்த்தால் நிறப்பாயைவிட முரட்டுப் பாயே மணித்தியாலத்துக்குக் கூடத் தருகிறது! நிறப்பாயில் பெருமை கொண்ட மூத்தம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. “மீனுக்கு விரிக்கவா நான் பாய் இழைக்கப் படிச்சேன்?” என்று இரண்டு வாரம் கோபித்துக்கொண்டு வரவில்லை. அவரது கோபத்தை நாம் குறைவாக மதிக்கவில்லை. நிறப்பாயைத் திருமண வீட்டுக்கும் கடற்கரை விடுதிகளுக்கும் முன்கூட்டியே சொன்னால் மட்டும், மூன்று நாட் கூலி விலைக்கு, இழைப்பது என்று பிறகு முடிவாயிற்று. காற்று மாதங்களில் கற்பிட்டிக்கு வெளிநாட்டார் கூட்டமாக வருகிறார்கள். விடுதிக்காரர்கள் சிலர் வாங்கினார்கள். சிலர் பிளாஸ்டிக் பாய் மலிவு என்றார்கள்.

2017 செப்டெம்பரில் பொலித்தீன் பைகளுக்கும் சோற்றுத் தாள்களுக்கும் தடை வந்தபோது ஓலைப் பைக்குக் காலம் பிறந்துவிட்டது என்று நாம் மேடைகளில் பேசினோம். அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கடைக்காரர் வேறு வகைப் பைக்கு மாறிக்கொண்டார். ஓலைப் பையைச் சந்தைக்குக் கொண்டுபோகிறவர்கள் இன்றும் சிலரே.

சந்தைக்கு யார் போவது என்பதில்தான் அதிக நேரம் சென்றது. இளம் பெண்கள் தனியே போவதை வீட்டார் விரும்பவில்லை. கணவன்மார் போனால் காசு வீட்டுக்கு வரும் வழியில் குறைகிறது. இதை நாம் சொல்லவில்லை, அவர்களே சிரித்துக்கொண்டு சொன்னார்கள். கடைசியில் வயதான இருவர் முறைவைத்துப் போவதென்றும், அவர்களது பஸ் காசையும் அன்றைய நாட் கூலியையும் பொருளின் விலையிலேயே சேர்ப்பதென்றும் ஏற்பாடு. விற்ற காசு இழைத்தவரின் கையிலேயே கொடுக்கப்படும். வேறு யாரும் கையொப்பம் வைக்க முடியாது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு பெரியவர், “உழைச்சவருடைய கூலிய வேர்வை காயுமுன் குடுக்கணும்டு மார்க்கமே சொல்லுது” என்று ஆதரித்துப் பேசியது பெரிய உதவியாயிற்று.

இதெல்லாம் எமது கண்டுபிடிப்பு என்று எண்ண வேண்டாம். இந்தியாவில் அகமதாபாத் நகரில் இளா பட் அம்மையார் 1972இல் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கத்தைத் தொழிற்சங்கமாகப் பதியப் போனபோது, முதலாளி இல்லாதவர்களுக்குத் தொழிற்சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் மறுத்தார்கள். முதலாளியை எதிர்க்க மட்டுமல்ல, தமக்குள் ஒன்றுபடவும் சங்கம் வேண்டும் என்று அப்பெண்கள் வாதாடிப் பதிந்துகொண்டார்கள். 1974இல் தமக்கென்று வங்கியும் தொடங்கினார்கள். வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலையே என்று சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இல் 177ஆம் இலக்கச் சமவாயத்தை ஏற்றுக்கொண்டதில் இத்தகைய சங்கங்களின் உழைப்பு உண்டு. எமது வியாபாரி முற்பணம் கொடுத்து, இன்ன அளவில் இத்தனை பாய் என்று சொல்லிவிட்டுப் போகும்போது, அந்தப் பெண்ணும் வீட்டிலிருந்து ஒருவருக்கு வேலை செய்யும் தொழிலாளியே.

தமிழ்நாட்டில் தாமிரபரணிக் கரையில் பத்தமடை என்ற ஊரில் முஸ்லிம் குடும்பங்கள் கோரைப் புல்லில் நெய்யும் பாய் ஊர்ப் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. எமது கரையிலிருந்து போகும் பாய்க்கு ஊருமில்லை, பேருமில்லை. கொழும்பில் அதை வாங்குபவருக்கு அது எந்த ஊரார் இழைத்தது என்று தெரியாது. இந்தக் கவலை எமக்கு உண்டு. பெண்களுக்கு இப்போதைக்கு இல்லை. அவர்களுக்கு முதலில் மூன்று நாட் கூலி வரட்டும்.

போனவர்களும் நின்றவர்களும்

2009இல் யுத்தம் முடிந்த பின் பலர் மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பினார்கள். காடு மண்டிய காணி, இடிந்த வீடு, உறுதி இல்லாத எல்லை. யுத்த காலத்தில் காப்பரண்களுக்காக வடக்கில் பனைகள் எண்ணற்று வெட்டப்பட்டன. வளவில் நின்ற பனையைத் தேடிப்போய் அடிக்கட்டையைக் கண்டு வந்தவர்கள் உண்டு. சில குடும்பங்கள் பாதி அங்கும் பாதி இங்குமாக இருக்கின்றன: விதைப்புக்கு அப்பா அங்கே, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் இங்கே. இருபது முப்பது ஆண்டு இருந்த மண்ணையும் வீடென்று சொல்பவர்களை நாம் குறைசொல்ல முடியாது.

திரும்பிய குடும்பங்களில் வயல் மறுபடி விளையத் தொடங்கிய இடங்களில், சுளகும் கடகமும் மறுபடி வீட்டுக்கு வேண்டியவையாகிவிட்டன. அங்கே போய் வந்த ஒரு ராத்தா, தன் தங்கையின் வீட்டில் நெல் புடைக்கப் பிளாஸ்டிக் தட்டைக் கண்டு பொறுக்காமல், இரண்டு நாள் தங்கிச் சுளகு இழைத்துக் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குக் கொப்பியில் கணக்கு எழுதவில்லை. நாமும் கேட்கவில்லை.

வேலியோரம் பனங்கொட்டை நடுங்கள் என்று திரும்பியவர்களிடம் சொல்லி வருகிறோம். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. நடுகைக்கும் ஓலைத் தொழிலுக்கும் அதனிடம் கேட்கலாம். பதினொரு பேர் கையொப்பமிட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொப்பியில் கணக்கு எழுதிய பேத்தி உயர்தரம் படிக்கிறாள். பாய் இழைக்கத் தெரியும். “எனக்கு இது வேணாம் ஃபாதர், கணக்காளர் வேலைதான் வேணும்” என்றாள். பாரம்பரியம் அழிகிறதே என்று கூட்டங்களில் கண்ணீர் விடுபவர்கள் எவரும் தம் மகளை மூன்று நாள் குந்தியிருந்து ஒரு நாட் கூலிக்கு இழைக்கவிட மாட்டார்கள். அந்தப் பிள்ளையின் பக்கமே நாம் நிற்கிறோம். அவளுக்குச் சரியான கூலி காட்டினால் இழைப்பாளோ மாட்டாளோ, அது அவள் பாடு.

கடைசியாகப் போன வியாழக்கிழமை லொறி வந்தபோது நாமும் அங்கே இருந்தோம். பதினொரு பாய்கள் இருந்தன. மூத்தம்மா, கோபம் தணிந்து வந்தவர், புதிய விலையைச் சொன்னார். வியாபாரி சிரித்தார், பிறகு முகம் மாறினார். முற்பணம் வாங்கியவர்கள் யார் யாரென்று பெயர் சொல்லிக் கேட்டார். மூவர் தலைகுனிந்தார்கள். அவர்களுடைய மூன்று பாய்களைப் பழைய விலைக்கும் மற்றொன்றைப் புதிய விலைக்கும் எடுத்துக்கொண்டு போனார். மீதி ஏழும் கிடக்கின்றன.

“கிடக்கட்டும் ஃபாதர், வெங்காயமா அழுகிப் போக?” என்றார் மூத்தம்மா.

அந்த மூவரின் முற்பணத்தைக் குழுவின் சேமிப்பிலிருந்து அடைத்துவிடலாமா என்று வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் கூடிப் பேசினார்கள். சேமிப்பு போதவில்லை, ஒருவருடையதை மட்டும் அடைக்கலாம். யாருடையதை என்று சீட்டுப் போட்டார்கள். ஏழு பாய்களையும் ஓகஸ்ட் மாதம் தலவில் அன்னாள் திருவிழாக் கூட்டத்தில் விற்றுப் பார்ப்பதாகத் திட்டம். கத்தோலிக்கப் பெண்கள் இருவரும் கடையில் நிற்பார்கள். பாய்களைச் சுற்றிக் கட்டப் பழைய சாக்கு வேண்டும் என்று எம்மிடம் கேட்டிருக்கிறார்கள்.